தானா ஏறலையா, தூக்கிவிட்டாலும் ஏறலையா? தோள் வலியை அறிகுறி வைத்துப் பிரிப்பது

தோள் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே வலிக்குதுன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க". பாதிப் பேருடைய விரல் துண்டு போடும் இடத்துக்குப் போகும். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் இருக்கிற அந்த மேடு வலித்தால் பெரும்பாலும் கழுத்துக் கோளாறு. இன்னும் கொஞ்சம் பேர் ஊசி போடும் இடத்தை, மேல்கையின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே, "தோள்ல ஒண்ணும் இல்ல மேடம், கைதான்" என்பார்கள். அசல் தோள் வலி அவர்களுடையதுதான். மூட்டுக்குள் கோளாறு இருந்தால் அது வந்து வலிக்கிற இடம் அதுவே.

பிசியோதெரபி அறையில் இத்தனை வருடம் பார்த்ததில், ஸ்கேனுக்கு முன்பே முக்கால்வாசி விஷயத்தை வீட்டிலேயே பிரித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு முன், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதவை எவை என்று சொல்லிவிடுகிறேன்.

சோதனை எதுவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்

இடது தோளிலோ கையிலோ வலி, கூடவே நெஞ்சில் அழுத்தம், தாடையில் இழுப்பு, வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல். கையை எப்படி அசைத்தாலும் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதை "கேஸ்" என்று சொல்லி ஓமவாட்டர் குடித்துப் படுத்தவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. 108-ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் இப்படித் தோளோடும் களைப்போடும் மாரடைப்பு வரலாம்.

மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, அடிவயிற்றில் வலி, தோள் நுனியிலும் வலி, தலை சுற்றுகிறது என்றால் கரு கருப்பைக்கு வெளியே தங்கி உள்ளே ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்தால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் உறுத்தும். அதற்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குவதால் மூளை அதைத் தோள் வலி என்றே எடுத்துக்கொள்ளும். பித்தப்பைக் கல் வலது தோள்பட்டையில் வலிப்பதற்கும் இதே மாதிரி ஒரு குறுக்கு வழிதான் காரணம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறதா என்று கவனியுங்கள்.

காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்திருந்தால், விழுந்தபின் தோளின் வடிவமே மாறியிருந்தால், கை மரத்து விரல் வெளுத்திருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரண்டு நிமிடச் சோதனை

மேற்படி எதுவும் இல்லையென்றால், கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். எந்த உயரத்தில் வலி தொடங்குகிறது, எங்கே விடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். வலிக்கிற பக்க முழங்கையை இடுப்போடு ஒட்டி, செங்கோணமாக மடக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் முழங்கை நகராமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பட்டும், கதவைத் திறக்கிற மாதிரி. நீங்கள் கையைத் தளர விட்டுவிட வேண்டும். அப்படித் தளர விட்டபடியே, அவர் அந்தக் கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கியும் பார்க்கட்டும். பிறகு நல்ல கையிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

நீங்களாகத் தூக்கும்போது கை ஏறவில்லை, ஆனால் அடுத்தவர் தூக்கினால் ஏறுகிறது என்றால் கோளாறு தசையில், தசைநாரில், அல்லது நரம்பில். அடுத்தவர் தூக்கினாலும் ஏறவில்லை, வெளிப்பக்கம் திருப்பினால் நல்ல கையில் பாதிகூட வரவில்லை என்றால் மூட்டே பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் சொன்ன பயிற்சியை யூடியூபில் பார்த்து மற்றொன்றுக்குச் செய்துவிட்டு வருகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

"யார் தூக்கினாலும் ஏறலை"

இதுதான் ஃப்ரோசன் ஷோல்டர், உறைந்த தோள். ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தபோது, கரும்பலகையின் மேல்பாதியில் எழுதுவதை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை. "மிஸ் கீழேயே எழுதுறாங்க, பின் பெஞ்சுக்குத் தெரியலை" என்று பிள்ளைகள் சொல்லித்தான் உறைத்தது. வீட்டில் ஜாக்கெட்டை முன்கொக்கியாக மாற்றித் தைத்துக்கொண்டாராம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க மறு கை. இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வருவதுதான் இந்த நோயின் குணம்.

உள்ளே நடப்பது இது. இடுப்பு மூட்டு ஆட்டுக்கல் குழியில் குழவி உட்கார்ந்த மாதிரி. தோள் மூட்டு சாஸர் மேல் வைத்த எலுமிச்சம்பழம். அந்தப் பழம் எல்லாப் பக்கமும் உருள வேண்டும் என்பதற்காகச் சுற்றியிருக்கிற உறை தொளதொளவென்று இருக்கும். அந்த உறை அழற்சி கண்டு, தடித்து, துவைத்துச் சுருங்கின சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. பெரும்பாலும் 40-லிருந்து 60 வயதுக்குள், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு. தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் உண்டு. எலும்பு முறிவுக்காகவோ மார்பக அறுவைக்குப் பிறகோ கையை அசைக்காமலே வைத்திருந்தாலும் வரும். அந்த ஆசிரியைக்குத் தனக்குச் சர்க்கரை இருப்பதே தோள் வலிக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. காரணமில்லாமல் தோள் உறைந்த யாரையும் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி பார்க்காமல் நான் விடுவதில்லை.

"ஃப்ரோசன் ஷோல்டர்" என்ற பெயரை 1934-இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன். இந்த நோயை விளங்கிக்கொள்வதும் வைத்தியம் பார்ப்பதும் கடினம் என்று அவரே எழுதியிருக்கிறார். மூன்று கட்டமாகப் போகும். முதலில் வலிக் கட்டம்: ராத்திரித் தூக்கம் போய்விடும், வெடுக்கென்று கை இழுபட்டால் உயிர் போகிற வலி. பிறகு வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும். கடைசியில் மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று வருடம். நிறையப் பேருக்குத் தானாகவே இளகும், ஆனால் சிலருக்குக் கடைசிக் கொஞ்சம் வளையாமலே நின்றுவிடும்.

கட்டத்துக்குத் தக்கபடி வைத்தியத்தை மாற்ற வேண்டும். வலிக் கட்டத்தில் "வலிச்சாலும் பரவாயில்லை, இழு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். முறுக்கி இழுத்தால் அழற்சி கூடும். அந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். "ஊசி போட்டா எலும்பு கரைஞ்சிடும்" என்ற பயம் ஒரு ஊசிக்குப் பொருந்தாது. திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதுதான் தசைநாருக்கு ஆகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு ஏறும்; வீட்டுக் கருவியில் தினமும் பாருங்கள், மருந்து அளவை டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பயிற்சியில் முதலாவது ஊசல். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைக் கோயில் மணியின் நாக்கு மாதிரி தொங்க விடுங்கள். கையை ஆட்டக் கூடாது. உடம்பை அசைத்தால் கை தானாக ஆடும். ஒன்றிரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. இரண்டாவது மாப் கம்பு. மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இழுப்பு தெரிகிற இடத்தில் இருபது விநாடி நிறுத்தி விடுங்கள், ஐந்தாறு முறை. வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு செய்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். செய்து முடித்த வலி அரைமணி நேரத்தில் தணிந்தால் அளவு சரி. அன்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் நாளைக்குப் பாதி. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து மேலும் கீழும் இழுக்கிற பயிற்சியை இளகுகிற கட்டம் வரை தொடவே வேண்டாம்.

பல மாதம் பார்த்தும் அசையாவிட்டால் மயக்கம் கொடுத்து வளைப்பது, ஆர்த்ரோஸ்கோபியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு, உறையை வெட்டி விடுவது என்று வழிகள் இருக்கின்றன. 2020-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு 503 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, இந்த இரண்டையும் ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியையும் ஒப்பிட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தபோது, நோயாளிக்கு உறைக்கிற அளவு எதுவும் மற்றதைவிட உசத்தி என்று சொல்ல முடியவில்லை. அதனால் கத்தியை நான் கடைசியில்தான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை: மூட்டுத் தேய்மானத்திலும் இதே மாதிரி இரண்டு வழியிலும் கை ஏறாது. வலிப்பு வந்தவர்களுக்கும் கரண்ட் ஷாக் அடித்தவர்களுக்கும் தோள் பின்பக்கமாக நழுவி அப்படியே மாட்டிக்கொள்ளும். அப்போதும் வெளிப்பக்கம் திரும்பாது. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் அது கண்ணில் படாமல் போகலாம். பக்கவாட்டிலும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

"பாதியில மட்டும் வலி, மேலே போனா விட்டுடுது"

பக்கவாட்டில் தூக்கும்போது ஏறக்குறைய 60 டிகிரியில் தொடங்கி 120-இல் விடுகிறது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஆனால் அடுத்தவர் தூக்கினால் கை முழுக்கப் போகிறது. இது ரொட்டேட்டர் கஃப் என்கிற நாலு தசைகளின் நார்ப்பட்டையிலோ, அதன் மேல் இருக்கிற பர்சா என்ற மெல்லிய பையிலோ வருகிற வலி. பெயிண்டர், எலக்ட்ரீஷியன், வாலிபால் ஆடுகிறவர், பரண் சாமான் முழுவதையும் ஒரே நாளில் இறக்கி அடுக்கினவர் எல்லாரும் இதற்குத்தான் வருவார்கள்.

ஒரு பெயிண்டர் தம்பி சீலிங் வேலையை விட்டுவிட்டுக் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வந்தான். அடிபடாத தோளைத் தூளியில் போட்டால் அது இறுகத்தான் செய்யும். தூளியைக் கழற்றச் சொல்லி, ரோலர் கம்பை நீட்டிக்கொண்டு தோள் உயரத்துக்குக் கீழேயே கையை வைத்து அடிக்கச் சொன்னேன். சீலிங்கை ஒரே மூச்சில் அடிக்காமல் இடையிடையே சுவருக்கு மாறினான். வேலையும் போகவில்லை, வலியும் மெல்லக் குறைந்தது.

நார்ப்பட்டைக்கு ஓய்வைவிட அளவான சுமைதான் மருந்து. முதல் இரண்டு வாரம், முழங்கையை மடக்கி, புறங்கையைக் கதவு நிலையில் வைத்து வெளிப்பக்கம் அழுத்துங்கள். நிலை நகராது, கையும் நகராது. முப்பது விநாடி, ஐந்து முறை. அதன்பின் பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கை இடுப்பை விட்டு நகராமல் வெளிப்பக்கம் இழுங்கள். பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டு வாரமாவது வேண்டும். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தூங்கும்போது நல்ல பக்கம் ஒருக்களித்து, வலிக்கிற கையை ஒரு தலையணை மேல் அணைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

"எலும்பு இடிக்குது, சுரண்டி எடுத்துட்டா சரியாயிடும்" என்று சொல்லப்பட்டு வருகிறவர்களும் உண்டு. 2018-இல் அதே லான்செட்டில் அச்சான இன்னொரு பிரிட்டன் ஆய்வு, எலும்பைச் சுரண்டிய அறுவையையும், துளை மட்டும் போட்டு உள்ளே பார்த்துவிட்டுத் தைத்த பொய் அறுவையையும் ஒப்பிட்டது. பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கண்டு மிரள வேண்டாம். 60 வயதைத் தாண்டிய, வலியே இல்லாத தோள்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறையவற்றில் கிழிசல் தெரியும். தலைநரை மாதிரிதான் அது. ரிப்போர்ட்டில் "பார்ஷியல் டேர்" (அரைகுறைக் கிழிசல்) என்று இருப்பதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

"விழுந்த நாள்லேர்ந்து கை எழும்பலை"

இது மட்டும் வேறு கதை. பாத்ரூமில் வழுக்கியோ பைக்கிலிருந்தோ விழுந்தீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் ஆகியும் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை. அடுத்தவர் தூக்கினால் ஏறுகிறது, விட்டால் பொத்தென்று விழுகிறது. 40 வயதுக்கு மேல் இப்படி ஆனால் நார்ப்பட்டை முழுசாக அறுந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாது, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். அடிபட்டு அறுந்ததைத் தைப்பதானால் சீக்கிரம் தைப்பது நல்லது. மாதக்கணக்கில் விட்டால் நார் உள்ளே இழுத்துக்கொண்டு தசை மெலிந்துபோகும். "பிசியோ பண்ணிப் பார்க்கலாமே" என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் நானே ஸ்கேனுக்கு அனுப்பி எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்வேன்.

தோள் முனையிலேயே வலி, ஒரே விரலால் காட்ட முடிகிறது, அங்கே ஒரு புடைப்பும் தெரிகிறது, கையை எதிர்த் தோளுக்குக் குறுக்கே கொண்டுபோனால் வலிக்கிறது என்றால் காறை எலும்பு தோள்பட்டையைச் சந்திக்கிற சின்ன மூட்டு. பைக்கிலிருந்து தோள் மோத விழுகிறவர்களுக்கு வருவது. லேசானவை தூளியிலும் பயிற்சியிலுமே சரியாகும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று எக்ஸ்ரே சொல்லும்.

"தோள் இறங்கிடுச்சு"

கபடி மைதானத்தில் ஒருவன் தோள் இறங்கி உட்கார்ந்திருந்தால் அடையாளம் தெரியும். தோளின் உருண்டை போய் முனை சதுரமாக நிற்கும், கையை உடம்போடு ஒட்ட விடமாட்டான். யாராவது ஒரு அண்ணன் அக்குளில் காலை வைத்து இழுக்கத் தயாராக இருப்பார். விடாதீர்கள். கூடவே எலும்பு முறிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் முறிவு பெரிதாகும், நரம்பும் இழுபடும். கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் டீ, ஜூஸ் எதுவும் வேண்டாம். ஊசி போடும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மரத்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

உள்ளே போட்டபிறகு வலி சட்டென்று குறைந்துவிடும் என்பதால் பையன்கள் அடுத்த வாரமே ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். இருபது வயதுக்குள் ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்க வாய்ப்பு மிக அதிகம். இரண்டாவது தடவையும் இறங்கினால் அறுவை பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

"நேத்து நல்லா இருந்தேன், ராத்திரியே உயிர் போகுது"

அடி இல்லை, காய்ச்சல் இல்லை, கையைத் தொடவே விடவில்லை என்றால் நார்ப்பட்டைக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், உடம்பு அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கத் தொடங்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும். ஐஸ், சில நாள் வலி மாத்திரை, தேவைப்பட்டால் ஊசி.

"கழுத்துலேர்ந்து விரல் வரை இழுக்குது"

வலி முழங்கையைத் தாண்டுகிறது, விரலில் மதமதப்பு, கழுத்தை வலிக்கிற பக்கம் திருப்பி அண்ணாந்தால் கரண்ட் மாதிரி இறங்குகிறது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கிறது! தோள் கெட்டவருக்கு அந்த நிலையில் வலி கூடும். கழுத்து நரம்பு அழுந்தியவருக்குக் குறையும். இவர்கள் தோளுக்கு என்ன பயிற்சி செய்தும் பயனில்லை. கையில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

எண்ணெய், ஒத்தடம், மாத்திரை

தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்த்து விடுவதில் தப்பில்லை, சுகமாகத்தான் இருக்கும். விழுந்த தோளை, இறங்கின தோளை, காய்ச்சலோடு சிவந்த தோளைச் சுளுக்கு வழிக்க மட்டும் கொடுக்காதீர்கள். அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் துணி சுற்றிய ஐஸ்; பழைய இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் வயிற்றுப்புண், கிட்னி கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. பக்கவாதம் வந்தவரை எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்தும் தூக்காதீர்கள். தளர்ந்துபோன தோள் அதிலேயே விலகிவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் நடந்து, கை போகிற உச்சத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாரம் ஒருமுறை போதும். தினமும் பார்த்தால் மனசுதான் சோரும். அந்த ஆசிரியை வீட்டுச் சமையலறைச் சுவரில் பதினோரு மாதத்துக் கோடுகள் இருக்கின்றன, முதல் நாலைந்தும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு. அவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்ததால் நாங்கள் காத்திருந்தோம். என்ன கோளாறு என்று இன்னும் யாரும் சொல்லாமல் ஆறு வாரமாகக் கோடு நகரவில்லையென்றால், அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.